காக்காய்க்கு முன்னால் சாப்பிட்டேன், அப்பா

பிரியமுள்ள அப்பாவுக்கு,

பிரியமுள்ள என்று எழுதிவிட்டேன். கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நலமா என்று மட்டும் கேட்க மாட்டேன்.

நேற்று உங்கள் இரண்டாம் வருஷத் திதி. கோவில்பட்டியில் தார் ரோடு இளகி செருப்பில் ஒட்டுகிறது. சாவதற்குக்கூட அக்கினி நட்சத்திரம்தான் கிடைத்ததா உங்களுக்கு? நேற்று வீட்டில் நடந்த கூத்தை அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் அழுது சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

பெரிய மனுஷி ஆனபோது எனக்கு இடுப்பு பலப்பட வேண்டும் என்று நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கொடுத்தீர்கள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. அடுத்த கோடை லீவில் அதே இடுப்பு உங்கள் கண்ணை உறுத்தியது. நம் மிளகாய் வத்தல் மண்டிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என்னை, வத்தல் விற்க வந்த விளாத்திகுளத்துச் சம்சாரிகள் அத்தனை பேர் முன்னாலும், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னீர்கள்.

“ஏலே மாடசாமி, இந்தச் சாக்கையும் நிறுத்துப் போடுலே. எம்புட்டு தேறுதுன்னு பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எடை போடும் மாடசாமி அண்ணாச்சி மட்டும் தரையைப் பார்த்தார். நீங்களே குனிந்து பார்த்து, எடையை உரக்கச் சொன்னீர்கள். மறு வருஷமும் சொன்னீர்கள், அதற்கு மறு வருஷமும். ஒவ்வொரு தடவையும் நான் ஏறுவதற்கு முன்னால் வளையலைக் கழற்றினேன். அது உங்கள் கண்ணில் பட்டதா? வாய் நிறையக் காராச்சேவை மென்றுகொண்டே, “சோத்தக் கொறைச்சுத் தின்னுட்டி, எவன் கெட்டுவான் ஒன்னைய?” என்பீர்கள். வேடிக்கைக்குத்தான் அப்படிச் சொன்னீர்களா?

குறைத்தேன். பட்டினி கிடக்கிறேன் என்றால் அம்மா விடமாட்டாள். விரதம் என்றால் யார் தடுப்பார்கள்? செவ்வாய், வெள்ளி, பிறகு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து தினமும். “எம் மவளுக்கு என்னா பக்தி!” என்று மண்டி முழுக்கப் பெருமையடித்தீர்கள். மிச்ச நாட்களுக்கு வெயில் கைகொடுத்தது. ‘வெயிலுக்குச் சோறு எறங்கலைம்மா’ என்றால், இந்தக் கரிசல்காட்டில் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

கொடையன்று பொங்கல் பானைக்கு முன்னால் நான் மயங்கி விழுந்தேன். புள்ளைக்குச் சாமி வந்திருக்கு என்றார்கள். நீங்கள் ஓடிவந்து என் நெற்றியில் திருநீறு பூசினீர்கள், கும்பிடவும் செய்தீர்கள். சாமியுமில்லை, பூதமுமில்லை அப்பா. பசி. ஒரு வாய் சோறு கொடுக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம். தின்றால் தின்றுவிட்டோமே என்று வெறுப்பு, தின்னாவிட்டால் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து என் இலையை நானே எதிரி மாதிரி பார்த்திருக்கிறேன். நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி மாதம், கஞ்சி புகட்டும்போது, “நீ சாப்ட்டியாட்டி?” என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். பொய். அன்றைக்கு நான் அழுததை உங்களுக்காக அழுததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் பேத்தி யாழினிக்கு இப்போது பதின்மூன்று வயது. இந்த வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அலைகிறாள். தட்டில் விழுந்த தோசையைத் தன் தம்பி தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். போன வாரம் மண்டிக்குப் போனேன். இப்போது அதை என் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். யாழினி தன்னந்தனியாகத் தராசின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கொலுசைக் கழற்றி வத்தல் மூட்டை மேல் வைத்திருந்தாள்.

அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்தே படித்திருக்கிறாள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்த நிமிஷத்தில் என் மேல் திரும்பியது. மீதிப் பாதியை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

நேற்றுக் காலையில் அம்மா சட்டம் போட்டாள். “அப்பாவுக்குப் படைச்சு, காக்கா எடுக்குத வரைக்கும் யாருக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது.”

“நான் சாயங்காலம் வரைக்கும்கூட இருப்பேன் ஆச்சி, தாத்தாவுக்காக” என்றாள் யாழினி.

அம்மா பூரித்துப்போனாள். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். கேட்பாரில்லாமல் பட்டினி கிடக்க ஒரு நாள் கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நான் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

நேரே அடுப்படிக்குப் போனேன். இரண்டு இலை போட்டேன். உங்களுக்கென்று வடித்த சோற்றை அள்ளி வைத்து, உங்களுக்கென்று வைத்த கோழிக்குழம்பை ஊற்றினேன்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவியளுக்குப் படைக்காம எச்சி பண்ணுதியே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவிய இருந்தப்பவே வயிறு முட்டத் தின்னாச்சும்மா. இன்னைக்குப் பிள்ளை தின்னட்டும்.”

“எனக்குப் பசிக்கலைம்மா, வெயிலுக்கு...” என்று யாழினி ஆரம்பித்தாள்.

“அந்தப் பொய்ய நாந்தான் மொதல்ல சொன்னேன். நான் சாப்பிடுதேன். நீ சும்மா பக்கத்துல இரு.”

சாப்பிட்டேன், அப்பா. ஒளிக்காமல், ஒதுக்காமல், என் மகள் பார்க்கப் பார்க்க ஒரு முழு இலை சாப்பிட்டேன். வெகுநேரம் கழித்து அவள் ஒரு வாய் எடுத்தாள். பிறகு இன்னொன்று. பாதி இலையில் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வரும் திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம், நாங்கள் இரண்டு பேருமே.

அதற்கப்புறம்தான் உங்களுக்குப் படைத்தோம். எச்சில் சோற்றைக் காக்காய் தொடாது என்று அம்மா புலம்பினாள். அது வந்தது, கோழித்துண்டாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனது. உங்களுக்குத்தான் கோபம் வந்திருக்கும். வரட்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த திதிக்கும் சமைப்பேன். முதல் இலை யாழினிக்கு, இரண்டாவது எனக்கு. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் உங்களுக்கு. அதுவரை பசியோடு காத்திருங்கள், அப்பா. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

யாழினியின் அம்மா,
அதற்குப் பிறகுதான் உங்கள் மகள்,
செல்வி