உன் வீடியோவை நானும் அனுப்பினேன்

அடியே ரேவா, என் செல்லமே,

நேற்று இன்னொரு பக்கத்தில் உன் வீடியோவைப் பார்த்தேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது, அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே தலைப்புதான்: ‘போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டிய கல்லூரி மாணவி’. வழக்கம்போல் புகார் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்கும் எழுதினேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அலுப்பாக இருக்கிறதடி.

நீ போன் பேசவே இல்லை. உன் போன் அன்று என் பையில் இருந்தது. சார்ஜ் இல்லை என்று என் பவர்பேங்கில் சொருகிக் கொடுத்துவிட்டு, “பிரிண்ட் எடுத்துட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன் மஞ்சு” என்று வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் பக்கம் போனாய்.

நான் கேன்டீனில் இருந்தேன். கிளாஸ் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில், லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். முகம் தெரியவில்லை. இரண்டு நொடிகூட நான் பார்க்கவில்லை. ‘பொண்ணுங்களா, ஜாக்கிரதையா ஓட்டுங்க’ என்று எழுதி, பீர்க்கன்கரணை நம் தெரு குரூப்புக்குத் தட்டிவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாளே என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கொஞ்ச நேரத்தில் என் பைக்குள் உன் போன் அடித்தது. ‘அம்மா’ என்று வந்தது. எடுத்தேன்.

“அப்பாடா, எடுத்துட்டியா! குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சுடி. அந்தப் பச்சைத் துப்பட்டாவப் பார்த்து நீதான்னு நினைச்சுட்டேன். உயிரே போயிடுச்சு.”

“ஆன்ட்டி, நான் மஞ்சு...”

“அவ எங்க?”

என் போனில் அந்த வீடியோவை மறுபடி திறந்தேன். அந்தத் துப்பட்டாவுக்குக் காலையில் பின் குத்திவிட்டதே நான்தான். அதைக்கூடக் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறேன் ரேவா.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்கு நேற்று எழுதினேனே, அவன் கோவிலம்பாக்கத்துப் பையன். நம்மைப்போலவே கல்லூரியில் படிக்கிறானாம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். “இன்னாக்கா, ஊரே போட்டுகினு கீது. நான் ஒருத்தன் அத எடுத்துட்டா இன்னா ஆயிடப்போவுது?”

நானும் பேசியே அனுப்பினேன். “அவ போன் பேசலப்பா. போன் என் பையில இருந்துச்சு. பொண்ணு செத்தத அவங்கம்மா இந்த வீடியோவப் பார்த்துதான் தெரிஞ்சுகிட்டாங்க.”

பிறகு பார்த்தால், வீடியோவை நீக்கியிருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவனைக் கேட்கச் சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருந்தது?

அவனிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த வீடியோவ நம்ம குரூப்புல போட்டது நான்தான் ஆன்ட்டி.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்டி. வீடியோவுக்கு மேல உன் பேருதான இருந்துச்சு.”

பதினோரு மாதமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஞாயிறுதோறும் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார்.

“ஏன் ஆன்ட்டி ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டிருந்தா நீ அப்புறம் வந்திருப்பியா? நீயும் வரலன்னா, அவளப் பத்தி நான் யார்கிட்டடி பேசறது?”

மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை ரேவா. கேட்கவும் தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் நறுக்கினேன். நீ ஐந்தாம் வகுப்பில் பள்ளிச் சுவரேறிக் குதித்த கதையை அவர் சொன்னார். ஏற்கெனவே கேட்ட கதைதான். முழுக்கக் கேட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ரோட்டில் விழுந்துகிடக்கும் யாரையும் இனி என் விரல் இன்னொருவருக்குத் தள்ளிவிடாது. உன் வீடியோ எங்கே முளைத்தாலும், எவ்வளவு அலுத்தாலும், போய் எடுக்கச் சொல்லிக் கேட்பேன். உன் அம்மாவுக்குப் பேச ஆள் இல்லாமல் ஒரு ஞாயிறும் போகாது.

இரண்டே மாதம் மூத்தவள் என்பதற்காக நீ வம்புக்கு ‘அக்கா’ என்று கூப்பிட்ட,
உன் அக்கா
மஞ்சு