மாமா கோயிலின் நாரைப் படம்

அன்புள்ள சயோகோ,

கியோட்டோவில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நாகசாகியில் உன் அப்பாவின் கோயிலில் இருந்து இரவலாக வாங்கி வந்த நாரைப் படத்தை எங்கள் அருங்காட்சியகத்தில் சோதித்து முடித்தோம். மாமா நம்பியதுபோல் நானூறு ஆண்டுக்கு முன் சீன ஓவியர் வரைந்ததல்ல. அதிலுள்ள நீலச் சாயம் பிறந்ததே அதற்கு நூறு ஆண்டு கழித்துத்தான். வரைந்ததும் சீன பாணியைப் பழகிய நம் ஜப்பானியர் கைதான். கெஞ்சி வாங்கி வந்த நானே மாமாவிடம் போனில் சொன்னேன்.

"அப்படியா மாப்பிள்ளை," என்றார். பிறகு, "அங்க மழையா?" என்றார்.

"நல்ல படம்தான் மாமா."

"அது எனக்குத் தெரியாதா?"

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போடும் பிளம் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ஒருநாள் போய் மாமாவுடன் இரு. கோயில் விழாவுக்குப் படத்தை நானே கொண்டுவரலாமா என்று மெல்லக் கேட்டு எழுது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்,
தொகுஜி