ஹோக்லாந்து மூடுபனி

கிரான்ஸ்டாட், ஏப்ரல் 1791

என் அன்பு அண்ணன் லாரன்ஸுக்கு,

தங்கை கிரிசல் எழுதுவது. இங்கே ருஷ்யாவில் நானும் என் கணவர் நினியனும் மகள் எல்ஸ்பெத்தும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா தயங்குகிறது. இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் பெயருக்கு வருவதையும் போவதையும் இப்போது யாரோ பிரித்துப் பார்த்த பிறகுதான் விடுகிறார்கள். ஊருக்குத் திரும்பும் டாக்டர் கில்க்ரைஸ்ட் ரிகா வழியாகத் தன் கோட்டின் உள்துணிக்குள் வைத்து எடுத்து வருகிறார். அதனால் மனதில் உள்ளதை எழுத முடிகிறது.

உங்கள் கடிதமும் முத்திரை உடைந்துதான் வந்தது. போர்ட்ஸ்மவுத்தில் பெரும் கடற்படை கூடுகிறது, துருக்கியிடம் பிடித்த இடத்தை ருஷ்யா திருப்பிக் கொடுக்காவிட்டால் பால்டிக் கடலுக்கே வருவோம், வருகிற கப்பலில் நீங்களும் ஒரு லெப்டினன்ட் என்று எழுதியிருந்தீர்கள். நினியன் பிடிபட்டால் போர்க் கைதி என்று பார்க்க மாட்டார்கள், சொந்த அரசருக்கு எதிராக வாள் எடுத்தவன் என்று பாய்மரத்திலேயே தூக்கில் போடுவார்கள், உடனே கிளம்பி வரச் சொல் என்றும் எழுதியிருந்தீர்கள். அண்ணா, அந்த வரிகளை எனக்கு முன்னால் இங்கத்திய அதிகாரி ஒருவர் வாசித்துவிட்டார். வாசித்த மூன்றாம் நாளே என் கணவரைத் துறைமுகத் தளபதி கூப்பிட்டு அனுப்பினார்.

அவரை மட்டுமில்லை. இங்கே கடற்படையில் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்களாம். உங்கள் நாட்டுக் கொடி இந்த வளைகுடாவுக்குள் வந்தால் சுடுவீர்களா, மாட்டீர்களா? சிலர் அங்கேயே வாளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். சிலர் சுடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். இவர், "சுவீடன்காரன் வந்தா சொல்லுங்க, துருக்கிக்காரன் வந்தா சொல்லுங்க, முதல் ஆளா நிக்கிறேன். என் அப்பன் எந்தக் கொடிக்குக் கீழ செத்தானோ அதை நோக்கிப் பீரங்கி திருப்பச் சொல்லாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். தளபதி கெட்ட மனிதர் இல்லை. சுவீடன் போரில் இவர் காதில் ஒன்று செவிடானதும், இடக்கையில் இரண்டு விரல் போனதும் அவர் கண்முன்னால்தான். "நிகலாய் இவானிச், கடல்ல பனிக்கட்டி உடையறவரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு. அப்புறமும் இதே பதில்தான்னா உங்க கப்பலை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்" என்றாராம். நினியன் என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாது. வந்த நாளிலிருந்து அவர் நிகலாய்தான்.

தெருவிலும் காற்று மாறிவிட்டது. வழக்கமாக ரொட்டி வாங்கும் கடைக்காரி எங்கள் வேலைக்காரி மாத்ரியோனாவிடம், "உங்க எஜமானுக்கு இங்கிலாந்திலிருந்து ரொட்டி வரப்போகுதாமே, என்கிட்ட எதுக்கு வர்றே?" என்று கேட்டிருக்கிறாள். மாத்ரியோனா சும்மா இருப்பாளா? "உன் புருஷன் சாராயக் கடையில மிதந்தப்ப என் எஜமான் கடல்ல மிதந்தார்டி" என்று சொல்லிவிட்டு வெறுங்கூடையோடு வந்தாள். சிரித்துவிட்டேன். மறுநாள் எங்கள் கதவில் சேறு அடித்திருந்தது.

ஊருக்கே வந்துவிடலாம் என்று நானும்தான் நினைத்தேன். பெட்டியில் துணிகளை அடுக்கவும் தொடங்கினேன். அப்போதுதான் புரோகோர் வந்தான். அவர் கப்பலின் மாலுமிகளுக்கெல்லாம் தலைவன், சராங்கு. கரடி மாதிரி ஆள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. என் கணவரிடம் நேராகவே கேட்டான்.

"ஐயா, ஓடப்போறீங்களா? போறதுன்னா போங்க, தப்புன்னு சொல்லல. ஆனா எங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. உங்க இடத்துக்கு ஒரு பிரபு வீட்டுப் பையன் வரப்போறானாம். கப்பலோட முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு அவனுக்குத் தெரியாது. சவுக்கு மட்டும் நல்லாத் தெரியும். நாங்க ஐந்நூறு பேர் அவன்கூடப் போய்ச் சாகணும்னா, பாதிரியார்கிட்ட பாவமன்னிப்பாவது முன்கூட்டி வாங்கி வச்சுக்குவோம்."

அவன் போனதும் அவரே கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம், "அந்தப் பசங்கள்ல பாதிப்பேர் கடலையே பார்த்ததில்ல கிரிசல். கோதுமை வயல்லேருந்து பிடிச்சிட்டு வந்தவங்க. என் குரல் ஒண்ணுதான் அவங்களுக்குத் தெரியும்" என்றார். அடுக்கிய துணிகளை நானே எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் தளபதியிடம் போய்ச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்துவிட்டார். தேடிப்போய் அடிக்க மாட்டேன், ஆனால் இந்த வளைகுடாவுக்குள் எந்தக் கொடி வந்தாலும் என் கப்பலைத் தாண்டி விடமாட்டேன் என்று. ஆகவே அண்ணா, உங்கள் கடிதத்துக்கு இதுதான் பதில். அவர் வரவில்லை.

உங்கள் இருவரையும் நம் ஊர் பிட்டன்வீம் துறையில் சின்ன வயதிலிருந்து ஒரே படகில் பார்த்து வளர்ந்தவள் நான். நீங்கள் இருவரும் சேர்ந்து போன அந்தப் பழைய போர் முடிந்ததும், நம் நாட்டுக் கடற்படையில் ஒருவருக்குத்தான் இடம் என்றானபோது, சிபாரிசு இருந்த நீங்கள் தங்கினீர்கள், இல்லாத அவர் இங்கே வந்தார். அதற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை. உங்கள் கப்பல் கிளம்பாமல் இருக்கட்டும் என்று மட்டும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எந்த மனைவியும் எந்தத் தங்கையும் இப்படி ஒரே ஜெபத்தில் இரண்டு பக்கமும் நின்றிருக்க மாட்டாள்.

உங்கள் தங்கை,
கிரிசல்


கிரான்ஸ்டாட், மே இறுதி

அன்பு அண்ணா,

பனி உடைந்துவிட்டது. அவர் கப்பலேறிவிட்டார். எந்தத் திசையில், எத்தனை கப்பலோடு என்று எழுத மாட்டேன். எழுதினால் இந்த நாட்டுப் பேரரசிக்கு நான் துரோகியாவேன், எழுதாவிட்டால் உங்களுக்கு. மௌனமே நல்லது.

எல்ஸ்பெத் நன்றாக வளர்ந்திருக்கிறாள். ருஷ்ய மொழியில்தான் கனவுகூடக் காண்கிறாள். அப்பாவை வழியனுப்பிவிட்டு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, லாரன்ஸ் மாமா வந்து அப்பாவோட கப்பலை மூழ்கடிச்சிடுவாரா?" என்று கேட்டாள். மாமா அப்படியெல்லாம் செய்யமாட்டார் என்றேன். "அப்போ அப்பா மாமாவோட கப்பலை மூழ்கடிப்பாரா?" என்றாள். கூட்டத்தில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். குழந்தையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. உங்கள் பக்கமிருந்து வரும் கப்பலுக்கு நல்ல காற்று. இதற்கு முன் மேற்குக் காற்றைக் கண்டு நான் பயந்ததில்லை.

கடவுள் உங்களைத் துறைமுகத்திலேயே வைத்திருக்கட்டும்.

கிரிசல்


கிரான்ஸ்டாட், ஜூலை

அன்பு அண்ணா,

போர் வராது என்று இங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் கடற்படை இன்னும் நங்கூரம் தூக்கவில்லை என்றும், லண்டனில் ஜனங்களே இந்தப் போர் வேண்டாம் என்று கூச்சல் போடுகிறார்கள் என்றும் செய்தி. ரொட்டிக்கடைக்காரி போன வாரம் தானாகவே இரண்டு ரொட்டி கூடுதலாகக் கொடுத்தனுப்பினாள். நான் நிம்மதியாக எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஆனால் வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது. இதை உங்களுக்கு எழுதச் சொன்னதே அவர்தான்.

ஜூன் மாதத்தில் அவர் கப்பல் ஹோக்லாந்துத் தீவுக்கு அருகே காவல் நின்றது. இங்கிலீஷ் கொடியோடு எந்தக் கப்பல் வந்தாலும் முதலில் ஒரு எச்சரிக்கைக் குண்டு, நிற்காவிட்டால் அடுத்தது நேராகக் கப்பல்மேல். இதுதான் உத்தரவு. ஒருநாள் விடிந்ததும் கடல் முழுக்க மூடுபனி. கை நீட்டினால் கை தெரியாது என்பார்களே, அப்படி. அது கொஞ்சம் மெலிந்ததும் அதற்குள்ளிருந்து பாய்கள் தெரிந்தன. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் நிழல்போல இன்னும் ஒன்று. பனியில் எல்லாம் மலை மாதிரி தெரிந்ததாம். உச்சியில் நம் கொடி.

எச்சரிக்கைக் குண்டு போட்டார்கள். பதிலே இல்லை. பாயைக்கூட இறக்கவில்லை. நேராக வந்துகொண்டே இருந்தார்கள். அவருக்குக் கீழுள்ள இளம் அதிகாரி, "போர்க்கப்பல்தான் ஐயா, வரிசையா வர்றாங்க. இன்னும் கொஞ்சம் விட்டா நம்ம பக்கவாட்டுக்கு வந்துடுவாங்க" என்று கத்தியிருக்கிறார். பீரங்கிகளை வெளியே தள்ளிவிட்டார்கள். திரியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கினார். இறக்கினால் சுட வேண்டும்.

அப்போது காற்று கொஞ்சம் திரும்பியது. பனி விலகியது. எதிரே வந்த கப்பலின் தளத்தில் மீன் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் பீரங்கி நீட்டும் துளையே இல்லை. ஒருவன் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். நம் ஊர்ப் பக்கத்து லீத் துறைமுகத்திலிருந்து சணல் ஏற்ற வரும் வியாபாரக் கப்பல்கள், மூன்றும். திரிகளை அணைக்கச் சொன்னார். புரோகோர் அப்படியே தளத்தில் உட்கார்ந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டானாம்.

முன்னால் வந்த கப்பலின் தலைவர் யார் தெரியுமா? மங்கோ டாட்ஸ். வருஷா வருஷம் ஊரிலிருந்து எங்களுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருவாரே, அந்த டாட்ஸ்தான். என் கணவர் காவல் முறை முடிந்து இங்கே கரைக்கு வந்ததும், டாட்ஸ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வழக்கம்போல மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"என்னப்பா நினியன், அன்னைக்கு அப்படி ஒரு குண்டு போட்டே! பழைய சினேகிதனுக்கு வணக்கம் சொல்றான்னுல்ல நினைச்சேன்! பதிலுக்கு நானும் போடலாம்னு பார்த்தா, எங்ககிட்ட இருக்கிற ஒத்தைப் பீரங்கியில பூனை குட்டி போட்டு வச்சிருக்கு."

எல்ஸ்பெத் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என் கணவர் சிரிக்கவில்லை. சூப்பு ஆறிப் போயிற்று.

"கூட என் மருமகன் வந்திருந்தான், முதல் பயணம். உன் கப்பலைப் பார்த்துட்டு, எவ்வளவு அழகா இருக்குன்னு வாயைப் பிளந்துட்டு நின்னான்" என்றார் டாட்ஸ். அதைக் கேட்டதும் இவர் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

"இவனுக்கு என்னம்மா ஆச்சு? ருஷ்யாக்காரனாவே மாறிட்டானா, விருந்தாளியை விட்டுட்டுப் போறான்?" என்று டாட்ஸ் கேட்டார். தலைவலி என்று சமாளித்தேன்.

டாட்ஸ் போன பிறகு இவரைத் தேடிப் போனேன். துறைமுகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், சொன்னார்.

"எல்லாரும் நான் காத்திருந்தேன்னு நினைக்கிறாங்க கிரிசல். நிதானமான ஆளு, அவசரப்படலன்னு தளபதிகூட முதுகுல தட்டினார். நான் காத்திருக்கல. கை இறங்க ஆரம்பிச்சிடுச்சு. பனி விலகலைன்னா இறக்கியிருப்பேன். அந்தக் கொடியை நல்லாப் பார்த்துட்டுத்தான். அதுல லாரன்ஸ் இருப்பான்னு தெரிஞ்சும்தான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று தோன்றியது. கடமை, உத்தரவு, ஐந்நூறு உயிர் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதெல்லாம் சரிதான். ஆனா லாரன்ஸ் அடுத்த தடவை என்னைக் கட்டிப்பிடிக்கிறதுக்கு முன்னாடி இது அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். நீ எழுது. எனக்கு வராது" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கப்பலில் எல்லாம் பழையபடிதான் இருக்கிறாராம், புரோகோர் சொல்கிறான். வீட்டில்தான் மேற்குப் பக்க ஜன்னலருகே உட்காருவதில்லை.

அவர் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை அண்ணா. மன்னிப்புகூடக் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கிறேன். நீங்களும் இருபது வருஷமாகக் கப்பலில் நிற்கிறீர்கள். அந்தப் பனியில் பீரங்கியோடு நீங்கள் நின்று, எதிரே ருஷ்யக் கொடியோடு அவர் வந்திருந்தால், உங்கள் கை என்ன செய்திருக்கும்?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். உங்கள் கையும் இறங்கியிருக்கும் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். தயவுசெய்து எனக்காக மாற்றி எழுதாதீர்கள். நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று எழுதினால் அவர் இன்னும் தனியாகிப் போவார். நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், எனக்குத் தெரியும், அவர் அன்றைக்குச் சாப்பிடுவார்.

உங்கள் இருவரில் யாரையும் கடல் எனக்குக் கடனாகத் தரவில்லை, திருப்பிக் கேட்க அதற்கு உரிமையில்லை, இருவரும் என்னுடையவர்கள். பத்திரமாக இருங்கள்.

என்றும் உங்கள் தங்கை,
கிரிசல்