பெண் படமும் ரஷ்ய லென்ஸும்

பொன்மலை,
12-8-1964

சிரஞ்சீவி செவந்திலிங்கத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், பிலாய் இரும்பாலை மெஸ் சாப்பாட்டைத் தின்றும் நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் படம் எங்கே என்று இரண்டு கார்டு போட்டுவிட்டாய். படம் இல்லை. காரணம் நீ அனுப்பிய லென்ஸ்.

ஆடி மாதத்தில் முறையாகப் பெண் பார்க்கக் கூடாது, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனால் வீதி முழுக்கப் பேசும் என்று ஸ்ரீரங்கத்தில் பெண்ணின் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் பதினெட்டாம் பெருக்கன்று இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல முக்கொம்புக்குப் போவது, நான் தூரத்தில் நின்று தெரியாதமாதிரி படம் எடுப்பது என்று ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் உன் பார்சல் வந்தது. ரஷ்ய இன்ஜினீயர் விற்ற நீள லென்ஸ், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் என்று எழுதியிருந்தாய். என் காமிராவில் திருகிப் பார்த்தேன், மரை அச்சாகச் சேர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் மரை சேர்ந்தால் வேலை முடிந்தது என்றுதானே பழக்கம்? ஒரு ரோல் போட்டுச் சோதித்திருக்கலாம், எனக்கு அவ்வளவு பொறுமை ஏது. புளியோதரை மூட்டையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களை ரோல் முழுக்க எடுத்துத் தள்ளினேன். பெரிய கடை வீதியில் ஸ்டூடியோ நிஜாமுதீன் கழுவிக்கொடுத்தபோது எல்லாம் கலங்கிப்போய்க் கஞ்சி. ஒரு படம் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் வெள்ளையாகத் தெரிவது பெண், பக்கத்தில் இருப்பது தண்ணீர்க் குடம் என்கிறாள் உன் அம்மா. எனக்கு நேர்மாறாகப் படுகிறது.

காமிராவின் முதுகைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. அது வேறு மாதிரிக் காமிராவுக்குச் செய்த லென்ஸ். மரை ஒன்றுதான், ஆனால் அது பிலிமைவிட்டு இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அடுத்த தடவை பொருளை வாங்கும்போது எதற்குச் செய்தது என்று கேட்டு வாங்கு. பாலக்கரை லேத் பட்டறையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பித்தளை வளையம் கடைந்து லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் போட்டேன். இப்போது மலைக்கோட்டைப் படியில் ஏறுகிறவனின் குடுமி தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் ஸ்டாப்பில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம், இன்னொரு தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்க. பெண்ணின் அப்பா அழகிரி, பாத்திரக் கடைக்காரர், முகம் கொடுத்தே பேசவில்லை. “பெருக்கன்னைக்கு எடுத்த படத்துல எம் பொண்ணு முகமே விழலையே, இது நல்ல சகுனமா?” என்று அவர் வீட்டுக்கார அம்மாள் ஆரம்பித்துவிட்டாள். கரூரிலிருந்து வேறு ஒரு இடம் கேட்டு வந்திருக்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். சகுனமும் இல்லை கிகுனமும் இல்லை, வளையம் இல்லாத குறை என்று சொல்லி எல்லோரையும் மாடிக்கு இழுத்துப்போய், காமிராவை வெள்ளைக் கோபுரத்துக்கு நேராக வைத்து, முதுகில் வைத்த கண்ணாடியில் பாருங்கள் என்றேன். அந்த அம்மாள் பார்த்த வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஐயோ ரெங்கா, கோபுரம் தலைகீழா நிக்குதே!” என்று அலறிவிட்டாள். உன் அம்மா என் முதுகில் கிள்ளினாள். சம்பந்தம் அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பெண் ரெங்கநாயகி படியேறி வந்து குனிந்து பார்த்தாள். “எந்தக் காமிராவிலயும் தலைகீழாத்தான் விழும்மா, டீச்சர் டிரெயினிங் ஸ்கூல்ல பாடமே இருக்கு. மாமா சரியாத்தான் செஞ்சிருக்காங்க, அன்னைக்குத்தான் அவசரப்பட்டுட்டாங்க” என்றாள். என்னை இப்படி முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இந்த ஜில்லாவில் குறைவு. அழகிரி சிரித்துவிட்டார். சரி, நில்லம்மா, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். “ஆவணி பொறந்ததும் லீவு போட்டு அவங்களையே வரச் சொல்லுங்க மாமா. நானும் பார்க்கணுமில்ல?” ஆவணி முடியும்வரை கரூர்க்காரர்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று அழகிரியும் ஒப்புக்கொண்டார்.

ஆகவே படம் கேட்டு இனிக் கார்டு போடாதே, லீவுக்கு எழுதிப் போடு. மேலதிகாரி முனகினால் முனகட்டும். உயரம் உன் காது வரை வருவாள், பேச்சு உன்னைவிட வேகம், எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்கு மாடியிலேயே பிடித்துவிட்டது. வரும்போது தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வா, உலைக்குப் பக்கத்தில் வேலை, மோர் நிறையக் குடி. இன்னொன்று. உன் படம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன், புறப்படும்போது இதையாவது பாரம்மா என்று நீட்டப் போனேன். கையை அமர்த்திவிட்டாள். “அவங்க என்னைப் பார்க்காதப்ப நான் மட்டும் பார்த்தா நியாயமா மாமா? உள்ளே வைங்க.” வைத்துவிட்டேன்.

மலைக்கோட்டைத் தாயுமானவரும் மட்டுவார்குழலியும் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தாயுமானவன்