என் வாயில் இன்னொருவன் குரல்

ரோம், 9 மார்ச் 1956

அன்புள்ள இனெஸ்,

உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. என் முதல் படத்தை ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினார்கள். திரையில் நான் வாயைத் திறக்கிறேன், வேறு எவனோ பேசுகிறான். இருபது வருடம் ஓபராவில் பாடிய என் குரலை எடுத்துவிட்டு, நஸரேனோ என்ற டப்பிங்காரனைப் பேசவைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு டைரக்டர் சிரித்தார்.

"நீங்க கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பேசுறீங்க. மைக் உங்க மூக்குக்குக் கீழதானே இருக்கு?"

நஸரேனோ என் தோளுயரம்கூட இல்லை. "அண்ணே, உங்க முகத்துக்கு என் குரல் நல்லாப் பொருந்துதுல்ல?" என்று என்னிடமே கேட்கிறான்.

நான் சாகும் காட்சியில் படம் பார்த்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அவன் இருமிய இருமலுக்குத்தான் அழுதார்கள்.

நீ பின்னிய கம்பளி மப்ளரை அனுப்பு. தொண்டைக்கு வேலையில்லை, ஆனாலும் குளிர்கிறது.

அடுத்த படத்துக்கு மேக்கப் போடக் கூப்பிடுகிறார்கள். இந்த முதல் படம் நம் ஊர் பார்மாவுக்கு வந்தால் போய்ப் பார். மேடையில் நான் எத்தனையோ முறை செத்திருக்கிறேன், நீ ஒரு நாளும் அழுததில்லை. இதற்கு அழுகை வந்தால் எனக்கு எழுதாதே.

உன்
எத்தோரே