என் முதுகுப்புறம் நின்றவனுக்கு

அமெரிக்கக் கால்பந்து அணி மேலாளர் அவர்களுக்கு,

நண்பா என்று எழுதக் கை வரவில்லை.

புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் அன்று காலையில் போன் செய்து என்ன சொன்னாய்? "உன் முதுகைக் காக்க ஒரு மலைமாட்டை எடுக்கறேன்டா. அடுப்பைப் பத்த வை." நம்பினேன். என் மேல் பாய்கிறவர்களைத் தடுக்கும் வரிசைப் பையன்களை வீட்டுக்கு அழைத்தேன். டெனீஸ் விலா இறைச்சி சுட்டாள். அடுத்த இரண்டு வருடங்களின் முதல் தேர்வு உரிமைகளை இன்னோர் அணிக்குத் தாரை வார்த்து, தேர்வு வரிசையில் முன்னே போய், நீ எடுத்தது பந்தெறியும் ஒரு குவாட்டர்பேக்கை. என் இடத்துக்கு.

டிவியைப் பார்த்த பையன்கள் தட்டைப் பார்த்தார்கள். அப்போதுதான் மறுபடியும் உன் போன்.

"கோவிச்சுக்காதடா. ஒரு வருஷம் அவனுக்குச் சொல்லிக்குடு. அப்புறம், உன் பன்னிரண்டாம் நம்பர் ஜெர்சியைக் கேக்கறான்."

"என் புருஷனோட முட்டி வலியையும் சேத்து எடுத்துக்கச் சொல்லு!" என்று டெனீஸ் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும்.

ஜெர்சியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை.

நாம் சேர்ந்து ஆடிய காலத்தில் என் இடப்புறம் நின்று முதுகைக் காத்தவன் நீ. பந்தெறியத் திரும்பினால் அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. நீ இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

டிராஃப்ட் அன்றும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உன் சம்பளக்காரன்