அபராதமாகக் கேட்ட மணல்மலை

ஜூன் 8, புதன்

நடுக் குளிர்காலம், காலையில் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. கெட்டிலில் நேற்றைய மிச்சத்தைச் சுடவைத்து முகம் கழுவினேன்.

பத்தாம் வகுப்புத் தாள்களைத் திருத்தி முடித்தேன். "செத்த குளத்தின் மரங்கள் ஏன் மக்கவில்லை?" வருடாவருடம் நான் கேட்கும் கேள்வி. மணல்மேடு ஆற்றை மறித்தது, மரங்கள் பட்டுப்போயின, ஈரமில்லாததால் பூஞ்சையும் கரையானும் தொடவில்லை என்று எழுத வேண்டும். ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "அவற்றுக்கு அவசரமில்லை, மிஸ்." அரை மதிப்பெண் போட்டேன்.

அந்த மரங்களை நான் பார்த்ததே இல்லை. காரில் மூன்று மணி நேரம்தான். உலகத்தின் மறுகோடியிலிருந்து விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். இந்த மால்டஹோஹேயில் பிறந்த எங்களில் ஒருவர்கூடப் போனதில்லை. "புல்லு மொளைக்காத எடத்துல நமக்கு என்ன வேல?" என்பார் தாவித் மாமா. அவருக்கு உலகம் இரண்டு வகை. ஆடு மேயும் இடம், மேயாத இடம்.

ஜூன் 12, ஞாயிறு

கோட்லீப்பின் குரல் செய்தி வந்தது. ஞாயிறுதோறும் வருகிறது.

அவர் என் மாணவி சென்சியாவின் மாமன். மனைவி இறந்து ஆறேழு வருடம் இருக்கும். அந்த மரங்களுக்குப் போகும் வாயிலான செஸ்ரீமில் வேலை. தார்ச்சாலை முடிந்ததும் மணலில் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறதே, அதில் பயணிகளைப் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், நான் பேசி முடிக்கும்வரை தொப்பியை மடியிலேயே வைத்திருந்தார்.

இன்றைய செய்தி: "காத்து ஜாஸ்தி டீச்சர். மூணு வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. டயர்ல காத்த எறக்குங்கன்னா எவன் கேக்குறான். வெச்சிடுறேன்."

இரண்டு முறை கேட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

"டீச்சர், ஆள் அனுப்பி உங்களக் கேக்கலாம்னு இருக்கேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. வெச்சிடுறேன்."

வெச்சிடுறேனாம்! இப்படியா ஒருத்தர்...

ஜூன் 27

தூங்கவில்லை. எழுதினால் தெளியுமா பார்க்கலாம்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. எந்தக் குறையும் இல்லை. பள்ளி விட்டு வந்தால் வீடு என்னுடையது. ரேடியோவை அணைத்தால் அணைந்தே இருக்கும். சன்னலோரம் சூப் குடித்துக்கொண்டே படிப்பேன், யாரும் "என்ன படிக்கிற" என்று கேட்கமாட்டார்கள். அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுக்கு ஒன்று என்றால் செருப்பு மாட்டுவதற்குள் போய்விடலாம்.

எங்கள் வழக்கப்படி கேட்டு வந்து கொடுத்துவிட்டால் பெண் கணவன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். செஸ்ரீமில் அவருக்கு இருப்பது ஊழியர் குடியிருப்பில் ஒரே அறை. என் பள்ளிக்கூடம்? என் சன்னல்?

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். அதையும் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை, ஃப்ரீடா?

ஜூலை 9, சனி

போய்விட்டு வந்துவிட்டேன்.

"முதல்ல அந்த மரங்களக் காட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்று நான்தான் அனுப்பினேன். அவர் விடியுமுன் செஸ்ரீமிலிருந்து புறப்பட்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் பாதி தூரம் பேச்சே இல்லை. சங்கடமான மௌனமும் இல்லை. அவர் ரோட்டைப் பார்த்தார், நான் ஓரிக்ஸ் மான்களைப் பார்த்தேன்.

மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கினார். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்: "எனக்கு ஒரு குறையும் இல்ல. தெரியுமில்ல?"

அவர் நிமிரவில்லை. "குறை இருந்தா ஆஸ்பத்திரிக்குல்ல கூட்டிட்டுப் போயிருப்பேன்."

சிரித்துவிட்டேன். என்ன செய்ய.

வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு மணல் முதுகை ஏறித் தாண்ட வேண்டும். உச்சியில் நின்று, "நான் இங்கயே இருக்கேன். நீங்க போங்க" என்றார். கூட வரவில்லை. இது இன்ன மரம், இத்தனை வருடப் பழசு என்று எதுவும் சொல்லவில்லை. அவர் பிழைப்பே அதைச் சொல்வதுதான்.

தனியாக இறங்கினேன்.

இருபது வருடமாகப் பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டிய இடம். தரை இவ்வளவு வெள்ளை என்று எனக்குத் தெரியாது. வெடித்த களிமண் காலடியில் ஓடு போலக் கிணுகிணுத்தது. சுற்றிலும் சிவப்பு மணல். அதில் ஒன்று மலை உயரம், அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவே கரிக்கட்டை நிறத்தில் மரங்கள். சோகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை. ஒன்றுக்கொன்று நல்ல தூரம் விட்டு, தத்தம் நிழலைத் தாமே வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பிரெஞ்சு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களும் போன பிறகு, என் மூச்சு எனக்கே கேட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

பசித்தபோது எழுந்து திரும்பினேன். அதே உச்சியில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"ரொட்டி இருக்கு. ஆட்டுக்கறியும் இருக்கு. சாப்டுறீங்களா?"

இந்த மனிதரோடு இருக்கலாம். ஆனால் ஊழியர் குடியிருப்பில்?

வண்டியில் திரும்பும்போது, "ஆள் அனுப்புங்க" என்றேன். மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொடுக்கும்போது நிபந்தனை போடுவது பெரியவர்கள் வேலை. அதில் பெண்ணுக்கு வாய் கிடையாது.

ஜூலை 10

நேற்று செஸ்ரீம் வாயிலில் அனுமதிச் சீட்டு கொடுத்த பெண் ரோசினா. என் சித்தப்பா மகள்! நாங்கள் மணலைத் தொடும் முன்பே மால்டஹோஹே முழுக்கச் சேதி வந்துவிட்டது.

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஹெலெனா அத்தை பிடித்துக்கொண்டாள். "கேக்கறதுக்கு முன்னாடியே கூட ஏறிப் போயிருக்க. பதினெட்டு வயசுப் புள்ள செய்யுற தப்ப நாப்பத்தி நாலுல செய்யுறியேடி!"

"மரம் பாக்கப் போனேன் அத்தை."

"ஆமா, செத்த மரத்தப் பாக்க உசுரோட ஒரு ஆம்பள."

அம்மா பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

ஆகஸ்ட் 6, சனி

வந்தார்கள். நேற்றிலிருந்து நான் அம்மா வீட்டு உள்ளறையில். தகரச் சுவர் என்பதால் எல்லாம் கேட்கிறது.

கோட்லீப்பின் அக்கா புருஷன் மத்தியாஸ் தலைமையில் ஐந்து பேர். மாப்பிள்ளை வரக்கூடாது. முற்றத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது, முதல் நாள் அப்படித்தான். அம்மா வாளியோடு அவர்களைக் கடந்து போனாள், அங்கே வெறும் காற்று மட்டும் இருப்பதுபோல. உள்ளே வந்து என்னிடம் கிசுகிசுத்தாள்: "பாவம், அந்தக் குட்டையானவருக்குச் சளி. வெறகு ஈரம், பொகையுது. பின்னால ரெண்டு காஞ்ச கட்டை கெடக்கு... நான் எப்படிக் குடுக்கறது?"

சாயங்காலம் இரண்டு காய்ந்த கட்டைகள் தாமாகவே வேலியைத் தாண்டி விழுந்தன.

ஆகஸ்ட் 13, சனி

இன்று பேச்சு. தாவித் மாமாவுக்கு வாழ்நாளின் சிறந்த நாள்.

"எங்க வீட்டுல பொண்ணு இல்லியே. ஒரு டீச்சர் இருக்கா. டியூசன் வேணுமா?"

மத்தியாஸ்: "படிக்கத்தான் வந்தோம் ஐயா. எங்க பையன் பேச்சுல ஃபெயிலு."

பிறகு குறைகளைக் கொட்டும் கட்டம். இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் "தெரியாது" என்று யாரும் சொல்லக்கூடாது. கோட்லீப் ஒரு காலத்தில் குடித்தது, விட்டது, ஒரு வண்டியைக் கவிழ்த்தது. அப்புறம் என் முறை. நான் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"புத்தகத்தோட உக்காந்தா வீடு பத்திக்கிட்டாலும் பக்கத்தத் திருப்பிட்டுத்தான் எந்திரிப்பா" — மாமா.

"விருந்தாளி வந்தா எப்பக் கெளம்புவாங்கன்னு கடிகாரத்தப் பாப்பா" — அத்தை.

"சூப்பு..." — அம்மா! என் அம்மா! "சூப்புக்கு உப்புப் போட மறந்துருவா."

எல்லாமே உண்மை. ஏனோ கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேர் என்னை இவ்வளவு கவனித்திருக்கிறார்கள்.

அப்புறம் மாமா குரலைத் தாழ்த்தினார். விளையாட்டு போய்விட்டது. "கேக்கறதுக்கு முன்னாடியே உங்காளு எங்க பொண்ண வண்டியில ஏத்திட்டுப் போயிருக்கான். ஊரே பாத்துச்சு. அதுக்கு என்ன பதில்?"

மத்தியாஸ் மெதுவாக, "அபராதம் சொல்லுங்க ஐயா. கட்டுறோம்."

ஒரு ஆடு, இரண்டு ஆடு என்பார் என்று நினைத்தேன்.

"அவளுக்குக் காட்டினத எங்க எல்லாருக்கும் காட்டணும். குடும்பத்தோட. ஒருத்தர் விடாம. அப்படி என்னத்தப் பாத்துட்டு வந்து இவ சரின்னானு எனக்குத் தெரியணும்."

அத்தை: "எனக்குக் கால் முட்டி வலி, முன் சீட்டு."

ஆகஸ்ட் 27, சனி

கையில் மணல், பேனா வழுக்குகிறது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

இரு வீட்டாரும் பள்ளிக்கூட வேனில் செஸ்ரீம் தாண்டித் தார்ச்சாலை முடியும்வரை போய், அங்கிருந்து கோட்லீப்பின் வண்டியில் ஏறினோம். அவர் ஓட்டுநர், அதனால் வரலாம். ஆனால் மாப்பிள்ளை, அதனால் பேசக்கூடாது. ஐந்து கிலோமீட்டரும் அவர் அங்கே இல்லாததுபோலவே பேசினார்கள்.

"காது கொஞ்சம் பெருசு." ஹெலெனா அத்தை, அவர் காதுக்குப் பக்கத்திலேயே.

"காத்துலயும் நல்லாக் கேக்கும்" என்றார் மத்தியாஸ்.

கண்ணாடியில் நான் அவரைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அத்தை ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு வந்திருந்தாள். மணல் முதுகில் பாதியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அம்மா ஒட்டுத்துணிப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னே ஏறினாள். மாமா நான்கு முறை நின்று, "ஒரு புல்லு? ஒரே ஒரு புல்லு?" என்று மணலிடம் கேட்டார்.

வெள்ளைத் தரையில் இறங்கியதும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். எங்கள் குடும்பம்! அத்தைகூட.

கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னிடம் வந்தார். ஒரு மரத்தைக் காட்டினார். "முள்ளு மரம். உசுரோட இருந்தப்ப இதுக்குக் கீழ ஆடு நின்னிருக்கும்." அப்புறம் மரத்தைப் பார்த்தபடியே, "நாங்க பாட்டுக்குப் பேசுறோம். உனக்கு வேணுமாடி?"

இந்தக் கேள்வியை எங்களில் யாரும் பெண்ணிடம் கேட்பதில்லை. முற்றத்துக்கு வெளியே நெருப்பு மூட்ட விட்டாலே சரி என்று அர்த்தம்.

"அவர் வேணும் மாமா. ஆனா என் வீடும் வேணும். பள்ளிக்கூடமும். நான் செஸ்ரீமுக்குப் போகமாட்டேன்."

சொல்லிவிட்டேன். இதோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மாமா திரும்பி, குளம் முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினார். "ஏ மத்தியாஸ்! கூட்டத்தக் கூட்டு! இன்னொரு பேச்சு பாக்கி இருக்கு!"

அந்த மரங்களுக்கு நடுவே இரு வீட்டாரும் எதிரெதிராக நின்றார்கள். மாமா சொன்னார்: "பொண்ணு அவ வீட்டுலயே இருப்பா. வேலைக்குப் போவா. மாப்ள வெள்ளிக்கிழம வரலாம், ஞாயித்துக்கிழம கெளம்பலாம்."

மத்தியாஸின் முகம் விழுந்துவிட்டது. "ஐயா, இது என்ன பேச்சு? கட்டிக்கிட்டவ புருஷன் பக்கத்துல இல்லாம? ஊரு என்னங்கும்? எங்க வீட்டுப் பேரு என்னாகும்?"

"ஊரு ஏற்கனவே பாத்துருச்சு" என்றாள் அத்தை.

"நான் சிரிக்கல அம்மா." உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தவர்கள் இரண்டு பேர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். நான் தரையில் இருந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டைக் கேட்டேன், இவரை விட்டேன், அவ்வளவுதான் என்று.

அப்போது பின்னாலிருந்து, பேசக்கூடாதவரின் குரல்.

"வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு?"

எல்லோரும் திரும்பினார்கள். கோட்லீப் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கேள்வி என்னிடம்.

"அஞ்சு" என்றேன். "நாலு மணிக்கு விளையாட்டுப் பயிற்சி இருக்கு."

"சரி. அஞ்சு."

மத்தியாஸ் இரண்டு கையையும் தூக்கினார். "பேச்சுல ஃபெயிலுன்னு நெனச்சேன். பாஸாயிட்டான்." பிறகு மாமாவிடம் ரோஷத்தோடு, "ஆனா அம்மாவுக்குத் தர்ற பசு... இவள முதுகுல சுமந்ததுக்குக் குடுக்குற பசு... அது கன்னு இல்லாமத்தான் வரும். அரை மாப்ளைக்கு அரை."

"கன்னோட!" என்றாள் அம்மா. இன்று முழுக்க அவள் அவர்களிடம் சத்தமாகப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

கன்றோடு.

டிசம்பர் 10

கல்யாணம். மிகவும் சத்தம். மிகவும் சந்தோஷம். கால் வலி. நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 19

எழுதவில்லை. எழுத நேரமில்லாமல் இல்லை.

ஜனவரி 25, புதன்

பள்ளி தொடங்கிவிட்டது. வீடு அமைதி. புதன்கிழமைகள் எனக்கு இன்னும் பிடிக்கின்றன, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

நௌக்லுஃப்ட் மலையில் பெருமழை. ஆறு வந்துவிட்டது! பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் ஆறு. பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். செய்தி அனுப்பினார்: "தாண்ட முடியல. இந்த வாரம் வர முடியாது. வீடு உங்களுக்கே. வெச்சிடுறேன்."

நல்லதாயிற்று. பாதியில் நிற்கும் புத்தகம் ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 18, சனி

காலையில் தாவித் மாமாவின் வண்டியைக் கேட்டு வாங்கினேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஒரு மடக்கு நாற்காலியை அவரே பின்னால் வைத்தார்.

ஆற்றங்கரைக்குப் போனபோது மறுகரையில் அவர் வண்டி நின்றிருந்தது. நான் வருவேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவரும் வந்து நிற்பதாகச் சொல்லவில்லை. நடுவே காப்பி நிறத்தில் தண்ணீர், ஒரே இரைச்சல். கத்திப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை.

நான் நாற்காலியைப் போட்டுப் படித்தேன். அவர் வண்டி நிழலில் படுத்தார். மத்தியானம் எழுந்து அவர் அந்தக் கரையில் சாப்பிட்டார், நான் இந்தக் கரையில் சாப்பிட்டேன். ஒரு முறை ரொட்டியைத் தூக்கிக் காட்டி வயிற்றைத் தடவினார்.

சாயங்காலம் நீர் முழங்காலளவுக்கு வடிந்தது. அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, வரவா என்று கை காட்டினார்.

நான் புத்தகத்தைத் தூக்கி, இன்னும் ஒரு அத்தியாயம் என்று விரலைக் காட்டினேன். அவர் கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார்.